வளைவில் ஒலி எழுப்புக

நடந்தவை, வரிசைப்படி:

1. காது கேளாத தன் கணவருக்காக ஒரு பெண்மணி வேலூருக்கு மரத்தரை வாங்க வந்தார்.
2. எல்லாரும் சத்தம் வராத தரை கேட்பார்கள். அவர் சத்தம் வரும் தரை கேட்டார்.
3. இந்தோனேசியாவில் வளர்ந்த மரம் ஒன்று லாரியில் ஜவ்வாது மலை ஏறியது.
4. அதன் மேல் ஒரு மாடு நடந்தது.
5. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தரை நனைந்து ஊமையானது.
6. கணவர் மலையை விட்டுக் கீழே போய்விடலாம் என்றார்.
7. பெண்மணி கடைக்குப் போய் ஒரு கயிறு வாங்கி வந்தார்.

இந்த ஏழில் ஏழாவதுதான் அவர். மற்ற ஆறும் என் வேலையில் வருகிற சமாச்சாரங்கள்.

மலையில் எல்லாரும் அவரை நர்சம்மா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் பில்லில் இருந்தது, இங்கே வேண்டாம். புதூர்நாட்டுப் பக்கம் பிறந்தவர். கிராம நர்சாக அந்த மலை ஊர்களிலேயே நடந்து நடந்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது சிவில் முடித்துவிட்டு, வேலூரில் மரத்தரை விற்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்பப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை யாருக்கும் தொடக் கொடுக்காத காலம்.

முதல் நாள் போளூரில் பஸ் ஏறிவிட்டதாக அவரிடமிருந்து போன் வந்தது. சரி என்றேன். வேலூரில் இறங்கிவிட்டதாக இன்னொரு போன். அதற்கும் சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"நான்தாம்மா. கடை வாசல்ல நிக்கிறேன். உள்ள வரட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குக் கையாட்டுகிறார்.

பிறகு அது பழகிவிட்டது. நர்சம்மா எங்கேயும் சொல்லாமல் போய் நிற்பவர் அல்லர். வருவதைச் சொல்லிவிட்டு வருபவர். கோழிக் கூண்டைத் திறப்பதற்கு முன் அதன் மேல் தட்டுவார். தூங்குகிற பூனையைத் தாண்டுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். எனக்கு முதலில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதற்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடப்போகிறேன் என்று அர்த்தம்.

இந்தப் பழக்கம் நாய்களிடமிருந்து வந்தது என்று அவரே சொன்னார். மலை ஊர்களில் சொல்லாமல் நுழைந்தால் நாய் காலைப் பிடிக்கும். அதனால் ஊர் எல்லையில் முதல் புளியமரம் வந்ததுமே, நர்சு வர்றேன் என்று குரல் கொடுத்துவிடுவாராம். அதைக் கேட்டு நாயைக் கட்டுவார்கள். அதைக் கேட்டே, ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் சாமைக் கொல்லைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அப்படியானால் குரல் கொடுக்காமல் போயிருக்கலாமே, வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்றேன்.

"ஓடுற புள்ளைய ஓடிப் புடிச்சுக்கலாம் பாப்பா. திடுக்குனு பயந்த புள்ள அப்பறம் எப்பவும் கிட்ட வராது."

அவருடைய கணவரை அவர் டிரைவர் என்றுதான் சொல்வார். போளூரிலிருந்து மலைக்கு ஏறி இறங்கும் பஸ்ஸை வேலைக்காலம் முழுக்க ஓட்டியவர் அவர். அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் மஞ்சள் பலகையில் 'வளைவில் ஒலி எழுப்புக' என்று எழுதியிருக்கும். பலகை உடைந்து விழுந்த வளைவில்கூட அவர் ஆரன் அடிக்காமல் திரும்பியதில்லை. என்ஜின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே உறுமும் பழைய வண்டிகள். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஓய்வு பெற்ற பிறகு முழுக்கப் போய்விட்டது. காது மிஷின் வாங்கி அதன் பெட்டியிலேயே வைத்திருந்தார். போட்டுக்கொண்டால் நாள் முழுக்க மழை பெய்கிற சத்தம்தான் கேட்கிறதாம். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். ஆனால் உதடு எதிரே இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து வருகிறவர்கள்தான் பிரச்சினை. போளூர் வீட்டில் டைல்ஸ் தரை. யார் நடந்தாலும் காலுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த டிரைவரின் தோளைத் தொட்டிருக்கிறார். டிரைவர் தூக்கி வாரிப்போட்டுக் கையை வீசியதில் டீ டம்ளர் பறந்து, பத்திரிகையும் சட்டையும் நாசம். பக்கத்து வீட்டில் அதைச் சிரித்து விட்டுவிட்டார்கள். டிரைவரால் விட முடியவில்லை. மறுநாளே நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். டீக்கடைக்குப் போவது நின்றது. பிறகு வாசலுக்கு வருவதும் நின்றது.

அவரை அந்தச் சுவரிலிருந்து கிளப்புவது எப்படி என்பதுதான் நர்சம்மாவுக்கு இருந்த ஒரே கவலை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஏலகிரியில் உறவுக்காரர் ஒருவர் காவல் பார்த்த பழைய பங்களாவின் மாடியில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். நடந்தால் அதிரும் பலகைத் தரை. காலையில் டிரைவர் கதவுக்கு முதுகைக் காட்டி பேப்பர் படித்துக்கொண்டிருக்க, நர்சம்மா காபியோடு உள்ளே நுழைந்து, எப்போதும்போல அவர் முன்னால் விழும்படி ஒரு புளியங்கொட்டையை வீசப் பார்த்திருக்கிறார். இடுப்பில் எப்போதும் நாலைந்து புளியங்கொட்டை முடிந்து வைத்திருப்பார், டிரைவரைக் கூப்பிடுவதற்கு. ஆனால் அன்றைக்கு அவர் கொட்டையை எடுப்பதற்கு முன்பே, டிரைவர் திரும்பாமல், வா நர்சு, என்றாராம்.

"காபிய அப்டியே தரையில வெச்சுட்டேன் பாப்பா. எத்தினி வருசமாச்சு, நான் வர்றத அந்தாளு தெரிஞ்சுகினு."

மலையில் நர்சம்மாவின் அப்பா வழியில் வந்த நிலம் இருந்தது. அதில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தரைக்காகத்தான் எங்கள் கடைக்கு வந்திருந்தார்.

எங்கள் கடையில் தரை தேர்ந்தெடுக்கிறவர்கள் பொதுவாகப் பார்க்கிறவை: நிறம், ரேகை, பளபளப்பு, பக்கத்து வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பது. நர்சம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் பதித்திருந்த மாதிரிப் பலகைகள் மேல் ஏறி ஒவ்வொன்றையும் மிதித்தார். குதிகாலால் ஒரு மிதி, முன்பாதத்தால் ஒரு மிதி. அடியில் நுரை விரித்து ஒட்டிய மெல்லிய பலகை வகை ஒன்று அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் குழந்தை தூங்கினாலும் எழுந்திருக்காது என்று அதை நான் பெருமையாக எடுத்துச் சொன்னேன்.

"இது இன்னாத்துக்கு ஆவும்? செத்த தரை" என்று இறங்கிவிட்டார்.

விவரம் தெரிந்ததும் என் மனதில் பட்டியல் தலைகீழானது. நுரை வேண்டாம். சிமெண்ட்டோடு ஒட்டுவதும் வேண்டாம். கெட்டியான முழுப் பலகை. அடியில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச் சட்டங்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெற்றிடம். நடந்தால் அதிர வேண்டும், ஆனால் தொய்யக் கூடாது. மேளம் செய்கிறவர்கள் போடும் கணக்குதான். நான் அதைக் கால்குலேட்டரில் போட்டேன்.

எந்த மரம் என்பது அடுத்த கேள்வி. மலையில் வேங்கை இல்லையா, தேக்கு இல்லையா என்று எங்கள் மேனேஜர் கேட்டதற்கு, மலையில் இருக்கிறவர்கள் மலை மரத்தை வீட்டில் போட்டால் அது எங்கே வெட்டியது என்று ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றார் நர்சம்மா. கப்பலில் வந்த மரமானால் அதன் பில் பேசிக்கொள்ளும். அதனால் வெளிநாட்டு மரங்களை வரிசையாக எடுத்து வைத்தேன். பிரேசிலிலிருந்து வரும் ஐப்பே இரும்பு மாதிரி. ஜட்டோபா சிவப்பாக இருக்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பாய் விரித்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். இந்தோனேசிய மெர்பாவ் ஈரக் காற்றிலும் அதிகம் ஊதாது, சுருங்காது. மலை மழைக்கு அது தாங்கும்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிரைவரை அழைத்துவந்து காட்டாமல் முடிவு சொல்ல முடியாது என்றார். அடுத்த வாரம் எங்கள் குடோனில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டுத் தரை சட்டம் வைத்துப் போட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க நுரைத் தரையிலும் ஒரு துண்டு. ஓரத்தில் ஒரு நாற்காலி. டிரைவர் வெறுங்காலைப் பலகையில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உயரமான மனிதர். சுவரில்லாத இடத்தில் முதுகைக் காட்டி உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தோள்களில் தெரிந்தது. யாராவது வருவது தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நுரைத் தரையில் நர்சம்மா அவருடைய முதுகுக்குப் பின்னால் வரைக்கும் போய் நின்றார். கை எழவில்லை. ஐப்பேயில் பாதி தூரம் போன பிறகு எழுந்தது. மெர்பாவில் அவர் கடைசி ஓரத்தில் காலை வைத்ததுமே கை மேலே போய்விட்டது. நர்சம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சைகையிலேயே என்னைப் போகச் சொன்னார். நான் நடந்தேன். டிரைவர் கையைத் தூக்கினார், பிறகு பாதியில் இறக்கினார்.

"இது நர்சு இல்ல" என்றார். காது கேளாதவர்களுக்கு வழக்கமான உரத்த குரல். "சின்னப் பொண்ணு. உள்ளுக்குள்ள அவசரம், கால மட்டும் நிதானமா வெக்குது."

நான் நிதானமானவள் என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த இந்தோனேசியாக்காரன் நல்லாப் பேசுறான். பிரேசில்காரன் அமுக்கன். இவனையே ஏத்துங்க" என்றார் நர்சம்மா.

டிரைவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு மழைக்காலம் மலையில் இருந்து பார்ப்பார். சரிப்படவில்லையென்றால் போளூருக்கே திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நர்சம்மா ஒப்புக்கொண்டார். போளூர் வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டியே வைத்தார்கள்.

மரம் ஏற்றிய லாரியில் முன்னால் உட்கார்ந்து நானும் போனேன். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் எங்களை நிறுத்துவார்கள் என்று கையில் காகிதக் கட்டோடு தயாராக இருந்தேன். வனக்காவலர் தடுப்புக்கட்டையை ஏற்கெனவே தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வாரம் முழுக்க, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நர்சம்மா ஜன்னல் வழியாக அவரிடம், மரம் வரும் மரம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மரம் மேலேர்ந்து கீழ போறதத்தான் நாங்க புடிப்போம். கீழேர்ந்து மேல போறதுக்கு எங்ககிட்ட சட்டமே இல்லீங்க" என்றார் காவலர்.

பலகைகளை உடனே பதிக்கவில்லை. மலைக் காற்றுக்கு மரம் பழக வேண்டும். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்துக் கூடத்தில் அடுக்கி, ஈரமானி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும்வரை காத்திருந்தோம். ஊரே வந்து பார்த்தது. பார்த்தால் நம்ம வேங்கை மாதிரித்தானே இருக்கிறது, இதற்கா கப்பல் என்றார்கள்.

கூடம் ட வடிவத்தில் இருந்தது. நீளப் பகுதியில் டிரைவரின் நாற்காலி. வளைவில் திரும்பினால் சமையலறை. பலகை பதித்து, எண்ணெய் பூசி முடித்த பிறகு, அந்த வளைவில் ஒரு பலகை மட்டும் மிதித்தால் முனகியது. குறைப் பட்டியலில் அதை எழுதினேன். ஒரு திருகாணி போட்டால் சரியாகிவிடும். நர்சம்மா திருகாணியை என் கையிலிருந்து வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி எங்கேயோ வைத்துவிட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பசுவை உள்ளே கொண்டுவருவார்கள் என்பது நான் யோசிக்காத விஷயம். என் பராமரிப்பு விதிகளில் செருப்பு, நாற்காலிக் கால், தண்ணீர் எல்லாம் இருந்தன, மாடு இல்லை. கோணி விரித்தேன். மாடு கோணியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நடந்தது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அகர்பத்தி கொளுத்திக்கொண்டிருந்த டிரைவர் தலையைச் சாய்த்தார்.

"இது நர்சும் இல்ல. இஞ்சினியர் பாப்பாவும் இல்ல."

வீடு முழுக்கச் சிரித்தது. சிரிப்பின் அதிர்வு அவருடைய காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார். வளைவுக்குப் பக்கத்தில் மாட்டின் குளம்பு ஒரு சின்னக் குழி விட்டுப்போனது.

அந்த மழைக்காலத்தின் முதல் பாதி நன்றாகவே போனது. டிரைவரின் நாற்காலி சுவரை விட்டு நகர்ந்து ஜன்னலுக்கு வந்தது. முதுகு கதவைப் பார்த்திருந்தது. ஊரில் யார் யார் எப்படி நடக்கிறார்கள் என்று அவர் பெயர் வைக்க ஆரம்பித்தார். பால்காரர் செகண்ட் கியர். நர்சம்மா லோடு வண்டி. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலை இல்லாத பொழுதில் வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஆள் மாற்றி ஆள் நடந்து, தங்களை யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடினார்கள். இதையெல்லாம் நர்சம்மா எனக்கு போனில் சொல்வார். மிஸ்டு காலுக்குப் பிறகு.

தரை பராமரிப்பை ஒரு தாளில் வரிசையாக எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். தினமும் உலர்ந்த துடைப்பம். அழுக்கிருந்தால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு துடைப்பு. வாளித் தண்ணீர் ஊற்றவே கூடாது. பினாயில் கூடாது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய்.

கார்த்திகை தீபத்துக்கு டிரைவரின் அக்கா வந்தார். கணியம்பாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். தம்பியின் புது வீட்டில் தலை தீபம். தீபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நர்சம்மா அகல் விளக்கு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை, அதுவும் தீபத்துக்கு முந்தின வெள்ளி, வீடு கழுவாமல் இருக்குமா? அக்கா மஞ்சள் கரைத்து, வாளி வாளியாக மொண்டு ஊற்றிக் கூடத்தைக் கழுவிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கவில்லையா என்று பின்னால் கேட்டதற்கு, கரண்டு கார்டு என்று நினைத்தேன் என்றார்.

தண்ணீர் பலகை இடுக்கு வழியாக அடியில் இறங்கி, காற்றுக்காகச் சுவரடியில் விட்டிருந்த துளைகள் வழியே வெளியே வந்தது. மெர்பாவின் சாயம் தண்ணீரில் கரையும். அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பூசுவதில்லை. வெள்ளையடித்த சுவரில் செக்கச்செவேலென்று கோடு கோடாக வழிந்தது. அக்கா அதைப் பார்த்து அலறியிருக்கிறார். சந்தையிலிருந்து நர்சம்மா திரும்பிப் பாதை வளைவில் வரும்போதே எதிரே ஓடி வந்து, வூட்டுக்கடியிலேர்ந்து ரத்தம் வருது என்றாராம். கூடவே வந்த பக்கத்துக் கொல்லைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ரத்தமுமில்ல ஒண்ணுமில்ல, வேங்கையும் நனைஞ்சா இப்டித்தான் அழும் என்று சொல்லிப் போய்விட்டார்.

ரத்தம் பிரச்சினையில்லை. மேலே மழை, கீழே தண்ணீர். ஒன்றிரண்டு நாளில் பலகைகள் ஊதி, ஒன்றையொன்று நெருக்கி, நாலு பக்கமும் சுவரில் போய் முட்டி, முழுத்தரையும் ஒரே கல்லாக இறுகிவிட்டது. தீபத்தன்று சாயங்காலம் அக்கா பின்னாலிருந்து வந்து, விளக்கேற்றக் கூப்பிட டிரைவரின் தோளைத் தொட்டார். விளக்குத் தட்டு பறந்தது. தீ ஒன்றும் பற்றவில்லை. டிரைவர் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"மழ முடிஞ்சதும் கீழ போய்டலாம் நர்சு" என்றார்.

எனக்கு அழைப்பு வந்தது. முன்னால் மிஸ்டு கால் வரவில்லை. அதனாலேயே, பேசிக்கொண்டே ஈரமானியை எடுத்துப் பையில் போட்டேன்.

போய்ப் பார்த்தேன். ஈரமானி வைத்த இடமெல்லாம் எண் ஏறியிருந்தது. பலகைகளின் விளிம்பு தூக்கி நடு குழிந்திருந்தது. மேனேஜர் போனில், எல்லாவற்றையும் பெயர்த்துச் சிமெண்ட்டோடு பசை போட்டு ஒட்டிவிடு, இனி ஊதாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். இனி ஊதாது, அதிரவும் அதிராது. நர்சம்மாவிடம் இரண்டு வழி இருப்பதாகச் சொன்னேன். ஒன்று, ஒட்டுவது. இரண்டு, ஓரப் பலகைகளை மட்டும் எடுத்து, துளைகளைத் திறந்துவிட்டு, விசிறி வைத்து, மெதுவாகக் காயவிடுவது. அவசரப்பட்டு ஹீட்டர் வைத்தால் பிளந்துவிடும். தை மாதக் காற்று வரவேண்டும். காய்ந்த பிறகும் பழையபடி பேசும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

"ஊமைய ஒட்டி வெச்சுகினு நான் இன்னா பண்ணப்போறேன்? காயட்டும்" என்றார்.

அப்புறம் கடைக்குப் போனார். மஞ்சள் நைலான் கயிறு ஒரு சுருணை வாங்கி வந்தார். அதன் ஒரு முனையைச் சமையலறைக் கதவுக் கொண்டியில் கட்டி, வளைவில் ஒரு கொக்கி அடித்து அதன் வழியே திருப்பி, மறுமுனையை டிரைவரின் நாற்காலிக் கையில் கட்டினார். நர்சம்மா அவர் முன்னால் வந்து நின்று, உதடு தெரிய நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"விசில் உங்களுக்குக் கேக்காது டிரைவரே. கயிறு இருக்குது. ஒரு இழுப்பு இழுத்தா, ஆளு வருதுன்னு அர்த்தம், வண்டிய நிறுத்துங்க. ரெண்டு இழுத்தா, போலாம் ரைட்."

சமையலறைக்குப் போய் ஒருமுறை இழுத்தார். நாற்காலி அசைந்தது. டிரைவர் கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் தன் பக்கத்திலிருந்து இரண்டு முறை இழுத்தார். சமையலறைக் கதவு இரண்டு தடவை படபடவென்று அடித்தது.

"ஏறியாச்சா எல்லாரும்?" என்று கத்தினார்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். தரை காயும்வரை ஊருக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பகலெல்லாம் டேபிள் ஃபேனை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றி மாற்றி வைத்ததும், கரண்டு போனால் முறத்தால் வீசியதும் அவர்தான். அந்த நாட்களில் நாற்காலி சுவரோரம்தான் இருந்தது. ஆனால் கீழே போகும் பேச்சு, மழை முடிந்த பிறகும் எடுக்கப்படவில்லை. பஸ்ஸில் பாதி வழியில் இறங்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லிவிட்டதாகக் கேள்வி.

தை பிறந்து, காற்று உலர்ந்து, ஈரமானி பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் ஓரப் பலகைகளைத் திரும்பப் பதிக்க நான் மலை ஏறினேன். அடிவாரத்திலிருந்து ஒரு போன், வளைவுகளுக்கு நடுவில் சிக்னல் கிடைத்த இடத்தில் ஒரு போன், வாசலில் நின்று ஒரு போன். இது எப்போது எனக்குத் தொற்றியது என்று தெரியவில்லை.

வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. பலகைகள் படிந்திருந்தன, இடுக்கு திரும்பியிருந்தது. டிரைவர் நாற்காலியில் இல்லை, கொல்லைப் பக்கம் போயிருந்தார். நடந்து பார்த்தேன்; என் காலுக்கு அதிர்ந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் என் கால் சொல்வதை வைத்து அந்த வீட்டில் எதையும் முடிவு செய்ய முடியாது.

சமையலறையில் நர்சம்மா எனக்குச் சாமைச் சோறு போட்டுவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அப்போது வளைவில் அந்தப் பலகை முனகியது. முனகி நின்றது. ஆள் உள்ளே வரவில்லை. பிறகு அதே இடத்தில், குதிகாலால் ஒரு மிதி, இன்னொரு மிதி. எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் லேசாகக் கிணுகிணுத்தன.

நர்சம்மாவின் கரண்டி நின்றது. திரும்பவில்லை. அவர் கழுத்தின் பின்பக்கத்தைத்தான் நான் பார்த்தேன். நாய்களுக்கும், பிள்ளைகளுக்கும், கோழிக்கும், பூனைக்கும், எனக்கும் வருவதைச் சொல்லிவிட்டே வந்தவர். அவருக்கு யாராவது அப்படிச் சொல்லிவிட்டு வந்து நான் பார்த்ததில்லை.

"வாங்க டிரைவரே" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

டிரைவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. கொஞ்சம் பொறுத்து, தலையை நீட்டி, உள்ளே வந்தார்.

"வளைவுல ஆரன் அடிக்காம திரும்பக் கூடாதில்ல" என்று என்னிடம் சத்தமாக விளக்கினார்.

கிளம்பும்போது நர்சம்மா அந்தத் திருகாணியை எங்கிருந்தோ எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கம்பெனிச் சொத்து, வீட்டில் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போதைய நிலவரம் இது: இருவரும் மலையில்தான் இருக்கிறார்கள். போளூர் வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. தரைக்கு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசுகிறார்கள். மாட்டுக் குளம்பின் குழி அப்படியே இருக்கிறது. கார்த்திகைக்கு அக்கா வந்தால் வாசலை மட்டும் கழுவுகிறார். கயிறு கட்டியபடியே இருக்கிறது, மழைக்காலத்துக்காக. நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது. வளைவுப் பலகைக்குத் திருகாணி போடவில்லை.